ஊழியம் ஒழிந்ததா?

இன்றைக்கு ஊழியர் என்றால் மாதம் பிறந்ததும் சம்பளம் வாங்குகிறவர் என்று பொருள். பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஊழியம் என்றால் கூலியில்லாத வேலை என்று பொருள். அரண்மனைக்கும் ஊட்டுப்புரைக்கும் அதிகாரிகளுக்கும் விறகு சுமக்க வேண்டும், ஓலை சுமக்க வேண்டும், காய்கறி கொண்டு போக வேண்டும். அழைத்த நேரத்தில் சொந்த வேலையைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். போனவனுக்குக் கஞ்சி நிச்சயமில்லை. போகாதவனுக்கு அடி நிச்சயம்.

இந்த ஊழியம் எல்லோருக்கும் பொதுவாக விதிக்கப்படவில்லை. இன்ன குலத்தில் பிறந்தவன் சுமக்க வேண்டும், இன்ன குலத்தில் பிறந்தவன் சுமக்க வைக்க வேண்டும் என்று பிறப்பைப் பார்த்து விதிக்கப்பட்டது. ஆண்கள் தலைக்கு வரி கட்டினார்கள். தலையில் தலைப்பாகை கட்டக் கூடாது. பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து வரக்கூடாது, தலையில்தான் சுமக்க வேண்டும். ஒரு குடத்தை எங்கே வைப்பது என்பதில் கூட மேல் கீழ் பார்த்த காலம் அது.

அந்த ஊழியம் இன்று ஒழிந்துவிட்டதா? சட்டத்தில் ஒழிந்துவிட்டது. 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கூலியில்லாமல் கட்டாய வேலை வாங்குவதைக் குற்றம் என்கிறது. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஏட்டில் ஒழிந்த ஊழியம் வேலை நடக்கும் இடத்திலும் ஒழிந்துவிட்டதா என்பது அன்புக்கொடி மக்கள் ஒவ்வொருவரும் தம் மனசாட்சியிடம் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

அய்யா காட்டிய அளவுகோல்

ஊழியத்தின் வேர் எது? வேலையைப் பார்க்காமல், வேலை செய்கிறவரின் பிறப்பைப் பார்த்து மதிப்புப் போடுவதுதான் அதன் வேர். அய்யா வைகுண்டர் வெட்டியது இந்த வேரை.

முத்திரிக் கிணற்றில் பதினெட்டுச் சாதி மக்களும் ஒரே தண்ணீரில் குளித்தார்கள், ஒரே தண்ணீரைக் குடித்தார்கள். துவையல் பந்தியில் எழுநூறு குடும்பங்கள் கடற்கரையில் ஒன்றாக இருந்து ஒரே நியமத்தைக் கைக்கொண்டன. ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக அங்கே தவசு இருந்தார்கள். பெண்களுக்கு என்று குறைந்த தவசு விதிக்கப்படவில்லை. எனவே பெண்களுக்குக் குறைந்த பலனும் விதிக்கப்படவில்லை.

பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் பள்ளியறையில் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதன் முன் நிற்பவருக்கு அவருடைய உருவமே தெரிகிறது. முதலாளி நின்றால் முதலாளி தெரிகிறார். அவர் கடையில் தரை துடைக்கிற பெண் நின்றால் அந்தப் பெண் தெரிகிறாள். இரண்டு பேருக்கும் இரண்டு கண்ணாடி கிடையாது. இறைவன் உள்ளே இருக்கிறான் என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. பதியில் இதைப் பார்த்துவிட்டு வந்தவர், மறுநாள் கடையைத் திறக்கும்போது ஆளுக்கொரு கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த வழிபாடு வாசலோடு நின்றுவிட்டது என்றே பொருள்.

இன்னும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அய்யாவைச் சிறை வைத்த அரசு, அவரை விடுவிக்க முன்வந்தபோது ஒரு நிபந்தனை போட்டது. ஒரே சாதியாரோடு மட்டும் இருந்துகொள்ள வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. அய்யா அதை ஏற்கவில்லை என்பது அகிலத்திரட்டு சொல்லும் வரலாறு. தம் இனத்தார் வரைக்கும் நன்மை கிடைத்தால் போதும் என்று அய்யா கையெழுத்துப் போட்டிருந்தால் சிறை வாசல் உடனே திறந்திருக்கும். தன் இனத்துக்கு மட்டும் கிடைக்கும் நீதி, அடுத்தவனுக்கு அநீதியாக மாற அதிக நாள் ஆகாது என்பதால்தான் அந்த வாசல் அய்யாவுக்கு வேண்டாததாக இருந்தது.

தேயிலை மலையில் ஒரு பாடம்

பிறப்பைப் பார்த்து மதிப்புப் போடும் பழக்கம் ஒரு படியோடு நிற்பதில்லை. அது படிப்படியாகக் கீழே இறங்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி.

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து ஏராளமான தமிழர்கள் அந்த மலைகளுக்குப் போனார்கள். தோட்டத்தை ஆளுகிற துரை பெரும்பாலும் வெள்ளையர். தமிழன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் கங்காணி, கணக்கப்பிள்ளை என்ற அளவோடு நின்றுவிட வேண்டும். துரை வரும்போது தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். தோலின் நிறம் ஒருவன் ஏறக்கூடிய படியைத் தீர்மானித்தது.

அந்தத் தமிழர்களுக்குள்ளேயும் ஒரு படி இருந்தது. 1927-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி மலைநாட்டுத் தோட்டங்களில் நிர்ணயித்த நாள் கூலி, ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொழுந்து இல்லையென்றால் தேயிலை இல்லை, தோட்டமே இல்லை. கவ்வாத்து வெட்டும் ஆண்கள் தங்கள் கணக்கை முடித்துப் பிற்பகலில் வீடு திரும்பியபின்னும் பெண்கள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் நின்றார்கள். அட்டை கடித்தது, மழை நனைத்தது. வீட்டுக்கு வந்தபின் அடுப்பு காத்திருந்தது. ஆனாலும் அவளுடைய நாளுக்கு ஆணின் நாளில் ஐந்தில் நான்கு பங்குதான் மதிப்பு.

அதைவிட வேதனையானது, பல தோட்டங்களில் பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ போய் வாங்கிக்கொள்வது வழக்கமாக இருந்தது. துரை முன்னால் கைகட்டி நின்று, இது நியாயமா என்று மனதுக்குள் குமுறியவர்களில் பலர், மனைவியின் கூலியை வாங்கி மடியில் கட்டும்போது இது நியாயமா என்று கேட்டுக்கொள்ளவில்லை. நிறத்தால் தாழ்த்தப்பட்டது அநியாயமாகத் தெரிந்தது. பெண் என்பதால் தாழ்த்துவது வழக்கமாகத் தெரிந்தது. 1984-ஆம் ஆண்டில்தான் அந்தத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாள் கூலி சமமாக்கப்பட்டது. 43 சதத்துக்கும் 54 சதத்துக்கும் நடுவே இருந்த பதினோரு சத வேற்றுமையைத் தாண்ட ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அடிபட்டவன் அடிக்க மாட்டான் என்பது உலகத்தின் நம்பிக்கை. அடிபட்டவனுக்கு அடிக்கத் தெரியும் என்பதுதான் உலகத்தின் அனுபவம். கலி மேலே இருப்பவரிடம் மட்டும் குடியிருப்பதில்லை. கீழே இருப்பவருக்கும் ஒரு படி கீழே யாரையாவது காட்டி, அவர் கையிலும் ஒரு பிரம்பைக் கொடுத்துவிடுகிறது.

அண்டி ஆபீசும் ஜவுளிக்கடையும்

இலங்கை வரை போக வேண்டியதில்லை. கொல்லம் முதல் குமரி வரை நூற்றுக்கணக்கான முந்திரி ஆலைகள் இருந்தன, இன்றும் பல இருக்கின்றன. ஊர் வழக்கில் அண்டி ஆபீஸ் என்பார்கள். அங்கே வறுப்பது ஆண்களின் வேலை. தல்லுவதும் தோல் உரிப்பதும் தரம் பிரிப்பதும் பெண்களின் வேலை. ஆணுக்கு நாள் கணக்கில் கூலி, பெண்ணுக்கு எடைக் கணக்கில் கூலி என்பதே நெடுங்காலப் பழக்கம். முந்திரித் தோட்டின் எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து உரியும். சாம்பலைப் பூசிக்கொண்டு தல்லுவார்கள். முற்காலத்தில் கொல்லம் பகுதி ஆலைகளில் பெண்களுக்குள்ளேயும் சாதி பார்த்து இடம் ஒதுக்கினார்கள். கை வேகிற தல்லல் பகுதி பெரும்பாலும் மிகவும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு, கை வேகாத உரிப்பும் தரம் பிரிப்பும் மற்ற சாதிப் பெண்களுக்கு. ஒரே கூரையின் கீழ் சாதி ஒரு சுவர், பெண் பிறவி இன்னொரு சுவர். இரண்டு சுவருக்கும் நடுவில் சிக்கியவள் கையில்தான் எண்ணெய் பட்டது.

ஜவுளிக்கடையையும் நகைக்கடையையும் பாருங்கள். காலையில் கடை திறந்தது முதல் இரவு அடைக்கும் வரை பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் அந்தப் பெண் பிள்ளைகள் நின்றுகொண்டே இருந்தார்கள். கூட்டம் இல்லாத நேரத்திலும் சுவரில் சாய்ந்தால் திட்டு விழும். கால் வீங்கும், நரம்பு சுருளும். கழிப்பறைக்குப் போய் வர நேரம் கணக்கிடுவார்கள் என்பதால் தண்ணீர் குடிக்காமலே இருந்த பிள்ளைகள் உண்டு. கேரளத்தில் இந்தப் பெண்கள் ஒன்று சேர்ந்து கேட்ட பிறகு 2018-ஆம் ஆண்டு அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021-ஆம் ஆண்டு தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று ஆக்கியது.

ஒரு நாற்காலிக்குச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது என்பதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். யார் முன்னால் யார் உட்காரலாம் என்பதுதானே பழைய திருவிதாங்கூரின் சண்டையும்? அன்று உட்காரக் கூடாது என்று சொல்லப்பட்ட முன்னோர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எத்தனையோ கடைகளின் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அது அய்யா அருளால் கிடைத்த உயர்வு. அந்த உயர்வில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் அந்தக் கல்லாவுக்கு எதிரே நிற்கிற பெண்ணுக்கு ஒரு முக்காலி கிடைக்கவில்லை என்றால், உயர்வு வந்தது, தர்மம் வரவில்லை என்று பொருள்.

இப்போது புதிதாக இன்னொரு கூட்டம் வேலைக்கு வந்திருக்கிறது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், வங்காளம் என்று தூர தேசத்திலிருந்து வந்து ஓட்டலிலும் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் சேர்கிறார்கள். அவர்களுடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்பவர் குறைவு. முகத்தைப் பார்த்து ஒரு பட்டம், மொழியைப் பார்த்து ஒரு பட்டம். உள்ளூர்க்காரர் செய்யாத நேரத்துக்கு அவர்கள் செய்ய வேண்டும், உள்ளூர்க்காரர் படுக்காத இடத்தில் அவர்கள் படுக்க வேண்டும். ஒரே வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளிக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் 1979-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. சட்டத்துக்கு முன்பே முத்திரிக் கிணறு சொல்லிவிட்டது.

சொல்லப்படும் நியாயங்கள்

இப்படி நடத்துகிற எவரும் தம்மைக் கெட்டவர் என்று நினைப்பதில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயங்களைத் தள்ளிவிடாமல் எடுத்துப் பார்ப்பதே முறை.

முதல் நியாயம், எங்கும் இதுதான் வழக்கம் என்பது. ஊரில் எல்லோரும் கொடுப்பதைத்தான் கொடுக்கிறோம், யாரையும் வெறுத்துச் செய்யவில்லை என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் திருவிதாங்கூர் அதிகாரிகளும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள். ஊழியம் வழக்கம், தலைவரி வழக்கம், தோளில் துணி போடாதது வழக்கம். 1859-ஆம் ஆண்டு தோள்சீலைக்கு அரசு அனுமதி கொடுத்தபோது கூட, மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்று ஒரு வரியைச் சேர்த்துக் கொடுத்தார்கள். வழக்கம் சாகும்போதும் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டே சாகும். வெறுப்பால் செய்த அநீதி வெறுப்பு தணிந்தால் தணியும். வழக்கத்தால் செய்யும் அநீதியைத் தணிக்க யாராவது நின்று கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது நியாயம், ஆணுக்குக் குடும்பம் இருக்கிறது, பெண்ணின் சம்பளம் கைச்செலவுக்குத்தான் என்பது. கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிற பெண்ணுக்கு இதைச் சொல்ல முடியுமா? அப்படியே குடும்பத்தைப் பார்த்துத்தான் கூலி என்றால், பிள்ளைகள் அதிகம் உள்ளவனுக்கு அதிகமும் கல்யாணம் ஆகாத வாலிபனுக்குக் குறைவும் கொடுக்க வேண்டும். அப்படி யாரும் கொடுப்பதில்லை. ஆகவே இது குடும்பத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு அல்ல.

மூன்றாவது நியாயம், ஆணின் வேலை பாரமானது என்பது. மூட்டை சுமப்பது பாரம்தான். அதற்கு அதிகம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் கை வெந்து தல்லுவது பாரம் இல்லையா? பன்னிரண்டு மணி நேரம் நிற்பது பாரம் இல்லையா? ஒரு வேலையைப் பெண் செய்யத் தொடங்கியதும் அது இலேசான வேலை ஆகிவிடுகிறது. அதே சமையலை வீட்டில் பெண் செய்தால் கடமை, கல்யாண மண்டபத்தில் ஆண் செய்தால் தொழில்.

நான்காவது நியாயம், அவர்களே சம்மதித்துத்தானே வருகிறார்கள் என்பது. பசி சம்மதிக்க வைக்கிறது. பசித்தவனின் சம்மதத்தைத் தராசில் போட்டு நியாயம் என்று நிறுத்துவது தர்மத் தராசு ஆகாது.

ஐந்தாவது நியாயத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும், ஏனென்றால் அது அய்யாவின் பெயரால் சொல்லப்படுகிறது. அய்யா பொறுமையைப் போதித்தார், ஆகவே தொழிலாளி பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். பொறுமை அய்யா கொடுத்த பெரிய ஆயுதம், உண்மை. ஆனால் அது துன்பப்படுகிறவருக்குப் பலமாகக் கொடுத்தது. துன்பப்படுத்துகிறவருக்கு வசதியாகக் கொடுத்தது அல்ல. சிறையில் அத்தனை கொடுமையையும் பொறுத்த அய்யா, அநீதியான நிபந்தனையை மட்டும் ஏற்கவில்லை. பொறுப்பது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. கடுஞ்சொல் சொல்லாமல், கை ஓங்காமல், இது நியாயமில்லை என்று ஒரு தொழிலாளி சொன்னால் அவர் பொறுமையை விட்டுவிட்டார் என்று ஆகாது. அய்யா நின்ற இடத்திலேதான் அவரும் நிற்கிறார்.

இனிமப் பங்கு

பணிவிடை முடிந்து இனிமம் பங்கிடும்போது யாரும் தராசு கொண்டு வருவதில்லை. ஆணுக்கு ஒரு பங்கு, பெண்ணுக்கு முக்கால் பங்கு, வெளியூர்க்காரனுக்கு அரைப் பங்கு என்று ஒருவர் பங்கிட ஆரம்பித்தால் பதியில் நிற்கிற சின்னக் குழந்தை கூட, இது தப்பு என்று சொல்லிவிடும். குழந்தைக்குத் தெரிகிற நியாயம், சனிக்கிழமை மாலை கூலிப் பட்டுவாடா செய்கிற பெரியவருக்குத் தெரியாமல் போவது அறிவுக் குறைவால் அல்ல. பதி வேறு, தொழில் வேறு என்று இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதால்தான்.

அய்யா அப்படிப் பிரிக்கவில்லை. அவர் தொட்டவையெல்லாம் அன்றாட வாழ்க்கையில் உள்ளவை: தண்ணீர், சோறு, துணி, தலைப்பாகை, வரி, வேலை. கீழே கிடப்பவர்களைக் காப்பதே தர்மம் என்று அவர் வகுத்தபோது, அது பதிக்குள் மட்டும் என்று எல்லை போடவில்லை.

ஆகவே தொழில் நடத்துகிற அன்புக்கொடி மக்கள் செய்யக்கூடியவை சில உண்டு. சம்பளப் பதிவேட்டைத் திறந்து, பெயர்களை மறைத்து, வேலையை மட்டும் பார்க்கலாம். ஒரே வேலைக்கு இரண்டு தொகை இருந்தால் அந்த வேற்றுமைக்குப் பெயர் ஊழியம். உட்கார இருக்கை போடலாம். பெண்களுக்கு நல்ல கழிப்பறை அமைக்கலாம். பெண்ணின் கூலியைப் பெண் கையில் கொடுக்கலாம். வெளிமாநிலத்துப் பிள்ளையைப் பட்டம் சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். வேலையிடத்தில் பெண்களிடம் முறைகேடாக நடப்பதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் ஒரு பெண்ணின் தலைமையில் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது. அதைச் சுவரில் ஒட்டும் காகிதமாக வைக்காமல் உண்மையாகவே அமைக்கலாம். இவற்றால் இலாபம் கொஞ்சம் குறையலாம். அன்னதானத்துக்கு ஆயிரம் கொடுக்கிற கை, கூலியில் நூறைக் குறைத்தால், அந்த ஆயிரத்தில் அந்தத் தொழிலாளியின் நூறும் கலந்தே வருகிறது. அதை அய்யா அறிவார்.

வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்குக் குறைவாகக் கொடுக்கும்போது, தனக்கு முழுதாகக் கிடைத்ததே என்று ஆண் பிள்ளை பேசாமல் இருந்தால், அவரும் அந்த நிபந்தனையில் கையெழுத்துப் போட்டவர் ஆகிறார். தன் இனத்தாருக்குக் கிடைத்தால் போதும் என்ற அந்தக் கையெழுத்தைத்தான் அய்யா போடவில்லை.

தர்மயுகம் வரும் என்று அன்புக்கொடி மக்கள் காத்திருக்கிறார்கள். அந்த யுகத்தில் வரியில்லை, ஊழியமில்லை, மேல் கீழ் இல்லை. அதில் வாழ விரும்புகிறவர் அதற்கு இன்றே பழகிக்கொள்ள வேண்டும். பழகுவதற்குத் தூரமாக எங்கும் போக வேண்டாம். நாளைக் காலையில் திறக்கிற கடையே போதும்.

அய்யா உண்டு.